நங்கநல்லூர் வீட்டுக் கசிவும் 500 ரூபாய் சோதனைக் கூலியும்

வீடும் கோளாறும்

சென்னை நங்கநல்லூரில் 1998-இல் கட்டிய தனி வீடு. கீழே என் சித்தி தனியாக இருக்கிறார். மாடியில் ஓர் இளம் தம்பதி குடித்தனம். மாடியில் உள்ள இரண்டு குளியலறைகளில் ஒன்று சித்தியின் சமையலறைப் பரணுக்கு நேர் மேலே வருகிறது. அந்தப் பரணுக்கு மேல் கூரையில் முதலில் ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. அப்புறம் கறை பரவி, பூச்சு உப்பி, ஓரத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சொட்டும் ஒரே மாதிரி இல்லை. சில நாள் காலையில் வரும், சில நாள் வரவே வராது. அப்போது கோடைக்காலம், ஆகவே மழையைக் குறை சொல்லவும் வழியில்லை.

குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதற்கு வரைபடம் கிடையாது. கட்டும்போது போட்டது எல்லாம் சுவருக்குள் புதைத்த ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். 2016-இல் இந்த மாடிக் குளியலறையை மட்டும் புதுப்பித்தார்கள். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டி, தண்ணீர் லைனை சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றினார்கள். சுவரை மூடும் முன் ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை. கழிவு நீர் முதலில் கொல்லைப்புற செப்டிக் டேங்குக்குப் போனது. பிறகு, நங்கநல்லூர் அப்போது சேர்ந்திருந்த ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டம் கொண்டுவந்தபோது மற்ற வீடுகளைப் போல இவர்களும் 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டி இணைப்பு வாங்கினார்கள். பழைய டேங்க் மூடி போட்டபடி இன்னும் அங்கேயே இருக்கிறது.

இன்னொரு விஷயம். நம் ஊர் மாடிக் குளியலறைகளில் பலவற்றில் தளத்தைச் சுமார் ஒரு அடி தாழ்த்திப் போட்டு, குழாய்களை அதில் படுக்க வைத்து, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் போடுவார்கள். ‘சங்கன் ஸ்லாப்’ என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் புகுந்தால் ஜல்லி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். இன்று உள்ளே இறங்கிய தண்ணீர் நாளையோ நாளன்றைக்கோ, வேறொரு மூலையில்கூடச் சொட்டலாம். கூரையில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்து உடைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

மூன்று பேர், மூன்று கணக்கு

முதலில் வந்தவர் ஒரு செயலி மூலம் பதிவு செய்து வந்தவர். சீருடை, கருவிப் பெட்டி, மரியாதையான பேச்சு, எதிலும் குறை இல்லை. கீழே பரணை அண்ணாந்து பார்த்தார், மேலே போய் குளியலறையைப் பார்த்தார், பத்து நிமிடத்தில் முடிவு சொன்னார். “லைன் எல்லாம் போயிடுச்சும்மா. முழுசா உடைச்சு, வாட்டர் ப்ரூஃபிங் பண்ணி, புது பைப், புது டைல்ஸ் போட்டுடலாம். வேற வழி இல்ல.” 85,000 ரூபாய்.

இரண்டாமவரைப் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் அனுப்பினார். டைல்ஸ் இடுக்குகளில் எபாக்ஸி பசை அடைத்து, கீழே கூரையில் ஈரம் தாங்கும் பூச்சு அடித்தால் போதும் என்றார். பூச்சு எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. 6,500 ரூபாய். சித்திக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப் போனது, யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கீழே பூச்சு அடித்தால் தண்ணீர் நிற்காது, வெளியே வர வழி இல்லாமல் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, கம்பி இருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பொரிந்து உதிரும். 6,500-இல் ஆரம்பிக்கும் வைத்தியம் கடைசியில் கூரைக்கு முட்டுக் கொடுத்துச் சரிசெய்யும் வேலையில் போய் நிற்கும்.

மூன்றாமவர் அறுபதை ஒட்டிய வயது, மகனையும் கூட்டிக்கொண்டு வேலை செய்பவர். இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்ககத்தில் அவர் பல வருடம் முன்பு செய்த வேலையை வைத்து அங்கிருக்கும் ஒருவர் சொன்ன பெயர். தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்: “வந்து பாக்கறதுக்கு 500 ரூபா. வேலை குடுத்தாலும் குடுக்காட்டியும்.”

“பாக்கறதுக்கே காசாப்பா? டாக்டரா நீ?” என்று சித்தி கேட்டார்.

“ஆமாம்மா, பைப்புக்கு டாக்டர்தான்” என்றார் அவர். சிரிக்கவில்லை.

வந்தவர் சுத்தியலை எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். எப்போது சொட்டுகிறது? மாடியில் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள்? ஷவரா, வாளியா? கீஸர் போட்ட நாளில் அதிகமா? குளிக்கும்போது தரையில் தண்ணீர் தேங்குகிறதா? ராத்திரி மோட்டார் நிறுத்தி, குழாய் எல்லாம் மூடி வைத்தால் டேங்கில் காலைக்குள் அளவு குறைகிறதா? மாடியில் இருப்பவர்களையும் கூப்பிட்டு இதையே கேட்டார். பிறகு காம்பவுண்டு ஓரத்தில் கழிவுக் குழாய் வந்து சேரும் சேம்பரைத் திறந்து, மேலே ஒரு வாளி ஊற்றச் சொல்லி, தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்தார். கிளம்பும்போது எந்தக் கணக்கும் சொல்லவில்லை. “டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாதும்மா. டெஸ்டுக்கு இன்னும் 1,500 ஆகும், பம்ப் வாடகை சேர்த்து. நாலஞ்சு நாள் அந்த பாத்ரூமை யாரும் யூஸ் பண்ணக் கூடாது.”

எது நம்பிக்கை

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தவரை நான் மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். சோதனை செய்யும் நேரத்துக்கு யாரும் கூலி தரப்போவதில்லை. சின்ன வேலை எடுத்து, கசிவு திரும்ப வந்தால், திரும்ப வந்து பார்க்க வேண்டியது அவர்தான். முழுவதையும் உடைத்துப் புதிதாகப் போட்டால் எந்த ஓட்டையாக இருந்தாலும் அது போய்விடும். அதாவது, ஓட்டை எங்கே என்று தெரியாததற்கான செலவைத்தான் அந்த 85,000 ரூபாயில் பெரும்பகுதியாக வீட்டுக்காரர் கட்டுகிறார்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. டைல்ஸ், குழாய், சிமெண்ட் என்று கண்ணில் தெரியும் சாமானுக்குக் காசு கொடுப்போம். ஒருவர் யோசித்துக் கண்டுபிடிப்பதற்குக் கொடுக்க மனசு வராது. “இலவசமா வந்து பாத்து எஸ்டிமேட் குடுப்பாங்க” என்பதைப் பெரிய சலுகையாக நினைக்கிறோம். இலவசமாகப் பார்ப்பவர் அந்த வருகைக்கான காசை வேலையில்தான் எடுத்தாக வேண்டும், எனவே வேலை பெரிதாகத்தான் தெரியும். பார்ப்பதற்குத் தனியாகக் கூலி வாங்குபவருக்கு ‘இதில் வேலையே இல்லை’ என்று சொல்ல முடிகிறது. பிளம்பர் தேடும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: சோதனைக்குத் தனிக் கூலி பேசுங்கள். அதை வாங்கிக்கொண்டு என்ன சோதனை செய்வார் என்று அவர் சொல்வதைக் கேட்டாலே ஆள் யார் என்று பாதி தெரிந்துவிடும்.

சான்றிதழ் கேட்கலாமா என்றால், கேட்கலாம். ஐடிஐ-களில் பிளம்பர் தொழிற்பிரிவு ஒரு வருடப் படிப்பு. சென்னையின் பெரிய கட்டடங்களில் வேலை செய்பவர்களில் ஒடிசாவின் கேந்திராபாரா மாவட்டத்துக்காரர்களைப் பார்க்கலாம். அங்கே பட்டாமுண்டை வட்டாரம் தலைமுறை தலைமுறையாக நாடு முழுக்கப் பிளம்பர்களை அனுப்பும் இடம், இந்தத் தொழிலுக்கென்றே அரசு பயிற்சி நிலையம்கூட அங்கே உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர் பதிவு பெற்ற தொழிலாளி என்பதற்கு அடையாளம், கைத்திறனுக்குச் சாட்சி இல்லை. படிப்பும் அனுபவமும் ஜாயிண்ட் போடத் தெரியும் என்று சொல்லும். உடைப்பதற்கு முன் சோதிப்பாரா என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது.

விசாரிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போன வாரம் வேலை செய்த வீட்டில் விசாரித்தால் எல்லாரும் நன்றாகத்தான் சொல்வார்கள். புதைத்த குழாய் வேலையின் தரம் ஓர் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டிய பிறகுதான் தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் ஆன வேலையைக் காட்டச் சொல்ல வேண்டும். இந்தப் பெரியவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அந்த அடுக்ககத்துக்காரர் ‘நல்ல மனுஷன்’ என்று சொன்னது இல்லை; ‘அவர் போட்டதுக்கு அப்புறம் அந்த இடத்துல கை வைக்கலை’ என்று சொன்னது.

சோதனை

முதலில் தண்ணீர் வரும் லைன். மேலே டேங்கிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாயை மொட்டை மாடியில் யூனியன் என்ற கழற்றும் இணைப்பில் கழற்றி மூடினார். ஷவர், குழாய், கீஸர் இணைப்பு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, கழிவறைக் கைத்தெளிப்பானின் (ஹெல்த் ஃபாசெட்) சுவர்க் குழாய் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். இந்த வீட்டில் டேங்குக்கும் மாடிக் குளியலறைக்கும் நடுவே இருக்கும் உயரத்துக்கு அரை பார்கூட வராது. அந்த அழுத்தத்தில் ஒரு நுண்ணிய விரிசல் மெதுவாகத்தான் கசியும், கண்டுபிடிக்கவே நாளாகும். அவர் 5 பார் வரை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோதும் முள் அதே இடத்தில் இருந்தது. அழுத்த லைன் குற்றமற்றது. ‘லைன் எல்லாம் போயிடுச்சு’ என்ற முதல் கணக்கு இங்கேயே அடிபட்டுப் போனது.

அடுத்து கழிவு லைன். அதற்கு முன் சில நாள் குளியலறையைக் காயவிட்டார்கள். சங்கன் பள்ளத்தில் தேங்கியது வடிந்து சொட்டு நின்றால்தான் அடுத்த சோதனைக்கு அர்த்தம் இருக்கும். சொட்டு நின்றது. ஃப்ளஷ் டேங்கில் சொட்டு நீலத்தைக் கலந்து பலமுறை ஃப்ளஷ் செய்தார்கள். கீழே ஒன்றும் இல்லை. ஹோஸை, தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பின் வாய்க்குள்ளேயே விட்டு நிறையத் தண்ணீர் ஓட விட்டார்கள். அப்போதும் ஒன்றும் இல்லை. சித்திக்குப் பொறுமை போய்விட்டது. “தண்ணி போகுது, சொட்டல. அப்ப என்னதான் ஓட்டை?”

பெரியவருக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். மணல் நிரப்பிய பாலித்தீன் பையைத் துணியில் சுற்றி, நஹானி டிராப்பின் வாயை, மேலே மூடும் ஜாலியின் (சல்லடைத் தட்டு) மட்டத்திலேயே இறுக்கி அடைத்தார். தரையில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டார். மறுநாள் காலை கோடு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, கீழேயும் சொட்டில்லை. டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கவில்லை என்பது உறுதி. எபாக்ஸி வைத்தியமும் தேவையில்லை.

பிறகு பையை வெளியே எடுத்து, டிராப்பின் தொண்டைக்குள் இன்னும் ஆழமாக இறக்கி அடைத்தார். மறுபடி தண்ணீர் நிறுத்தினார். மாலைக்குள் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டது. மறுநாள் பரணில் சொட்டு.

இரண்டு அடைப்புகளுக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு ஜாயிண்ட். 2016-இல் டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டியபோது தரை உயர்ந்தது. பழைய டிராப்பின் வாய் கீழே போய்விட்டதால், உயரத்தை ஈடுகட்ட ஒரு துண்டுக் குழாயைச் செருகியிருக்கிறார்கள். அதற்குப் பசை போடவில்லை, ரப்பர் ரிங்கும் இல்லை, சுற்றி வெள்ளை சிமெண்ட் மட்டும். தண்ணீர் வேகமாக ஓடிப்போகும்போது அந்த இடுக்கு ஒன்றும் செய்யாது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நீளமான முடி. ஜாலிக்குக் கீழே முடி சேர்ந்து தண்ணீர் தேங்கி நின்ற நாட்களில் மட்டும் அந்த இடுக்கு வழியே பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. சொட்டு சில நாள் வந்து சில நாள் வராமல் போன மர்மம் இவ்வளவுதான். வருடக்கணக்காக இருந்த கோளாறு, முடி அடைத்ததால் வெளியே தெரிந்தது.

வேலை

டிராப்பைச் சுற்றி நான்கு டைல்ஸ் மட்டும் உடைத்தார்கள். பழைய துண்டைப் பிடுங்கி, சரியான அளவில் புதுத் துண்டைப் பசை போட்டு இறக்கி, சுற்றிச் சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை) ஊற்றி, மேலே நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட். இதற்குக் கொத்தனார் ஒருவரை அவரே கூட்டி வந்தார். “பூச்சு வேலை எனக்குத் தெரியாதுன்னு இல்ல, அவர் கை சுத்தம்” என்றார். தனக்குத் தெரியாததை அல்லது தன்னைவிட இன்னொருவர் நன்றாகச் செய்வதை ஒப்புக்கொள்ளும் ஆளைப் பார்ப்பது இந்தத் தொழிலில் அவ்வளவு எளிதில்லை. டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு முறை, ஒட்டிய பிறகு ஒரு முறை தண்ணீர் நிறுத்திப் பார்த்தார்கள். முதல் முறை நிறுத்தியது முழு 24 மணி நேரம்.

சாமானை நாமே வாங்கினோம். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார், கடையில் பில் போட்டு வாங்கி, மிஞ்சியதைத் திருப்பிக் கொடுத்தோம். பிளம்பர் கடையில் கமிஷன் வாங்குவது ஊரறிந்த விஷயம். அதை ஒழுக்கக் கேடாக நான் பார்க்கவில்லை, ஆனால் அந்தக் கமிஷன் எந்தப் பிராண்டை வாங்குவது என்று முடிவு செய்யக் கூடாது. வாங்கும்போது குழாயின் உடம்பில் அச்சிட்டிருக்கும் ஐஎஸ் எண்ணை, அதாவது இந்தியத் தர எண்ணை, படிக்க வேண்டும். சிபிவிசிக்கு 15778, கழிவு நீர் எஸ்டபிள்யூஆர் குழாய்க்கு 13592. சிபிவிசிக்கான பசையும் பிவிசிக்கான பசையும் வேறு வேறு. ‘எல்லாத்துக்கும் ஒண்ணுதான்’ என்று ஒரே டப்பாவை நீட்டுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம். பித்தளைக் குழாயை மாட்டும் இடத்தில் உள்ளே பித்தளை மரை பதித்த ஃபிட்டிங் கேட்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மரையில் இறுக்கினால் விரிசல் விடும், அதுவும் அன்றைக்கே விடாது, ஒரு மாதம் கழித்து விடும்.

மொத்தச் செலவு: சோதனைக்கு 500-உம் 1,500-உம் சேர்த்து 2,000, சாமான் 2,650, இருவர் கூலியும் உதவியாளும் 4,800. ஆக 9,450 ரூபாய். பரண் மேல் கூரைக்கு வண்ணம் பூசியது தனி. பழைய டைல்ஸுக்கு ஜோடி எங்கும் கிடைக்காததால் நான்கு மட்டும் வேறு நிறம். மாடிக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை, சித்திக்குத்தான் இன்னும் உறுத்தல்.

காசு கொடுத்த விதம் சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டது: என்ன வேலை, எத்தனை டைல்ஸ், இடிபாட்டை யார் அகற்றுவது, எப்போது எவ்வளவு. சாமானுக்கு மட்டும் முன்பணம். கூலி இரண்டாவது தண்ணீர் சோதனைக்குப் பிறகு. 500 ரூபாயை மட்டும் ஒரு மாதம் கழித்துத் தருவதாகப் பிடித்து வைத்தோம், அவர் மறுக்கவில்லை. இந்த எழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கூலி வாங்கிக்கொண்டு செய்யும் பழுது வேலையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் சேவைதான். குறை இருந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பில்லும் எழுத்தும் இல்லாமல் போனால் அங்கே போயும் பெரிதாகப் பேச ஒன்றும் இருக்காது.

இந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று நடந்தது, ஆனால் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது அதில்தான். கொல்லைப்புறத்துப் பழைய செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்து மழைநீர்த் தொட்டியாக்கலாம் என்று சித்திக்கு ஒரு யோசனை. “உங்க பையனை இறங்கிப் பாக்கச் சொல்லேன், காஞ்சுதான் கெடக்கு” என்றார். பெரியவர் முகம் மாறிவிட்டது. “நானும் இறங்க மாட்டேன், யாரையும் இறக்கவும் மாட்டேம்மா. மூடிக் கெடந்த டேங்க்ல வாயு இருக்கும். ஆளே போயிடும்.” ஆளை இப்படி இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், இறக்கிய வீட்டுக்காரர் மேலும் வழக்கு வரும். ‘இறங்கறேன், 2,000 குடுங்க’ என்று சொல்லும் ஆளை, அவர் எவ்வளவு நன்றாகக் குழாய் பொருத்தினாலும், வீட்டுக்குள் விடாதீர்கள்.

தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக்கு ஆள் கூப்பிடுவதில் வரும் பயம் வேறு, அதையும் ஒதுக்க முடியாது. நாங்கள் செய்தது இவ்வளவே: வேலை நடந்த நாட்களில் மாடிக்காரர்களில் ஒருவர் வீட்டில் இருந்தார், பீரோ இருக்கும் அறை பூட்டி இருந்தது, சாவி யாரிடமும் கொடுக்கவில்லை. வருபவரின் எண்ணுக்கு நாமே ஒருமுறை அழைத்துப் பேசிவிட்டால், நாளைக்கு அந்த எண் எடுக்கப்படுமா என்பதும் தெரிந்துவிடும்.

வேலை முடிந்த பிறகு ஒரு வடகிழக்குப் பருவமழை போய்விட்டது. பரண் காய்ந்தே இருக்கிறது. பிடித்து வைத்த 500-ஐ வாங்க வந்தபோது பெரியவர் மாடி வாஷ்பேசினுக்குப் போகும் பழைய ஜிஐ லைனையும் தட்டிப் பார்த்தார். போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து பாதி அடைத்திருக்கிறது, இன்னும் கசியவில்லை. பொங்கலுக்குப் பிறகு மாற்றலாம் என்று தனியாக ஒரு கணக்கு எழுதித் தந்திருக்கிறார். இந்த முறை பார்த்ததற்குக் காசு வேண்டாம் என்றாராம். சித்தி வற்புறுத்திக் கொடுத்திருக்கிறார்.